வேண்டாம் என்று சொன்ன டீ

1

ஜனவரி பிறந்தால் போதும், இந்த நாட்டுக்காரர்களுக்குத் தங்கள் உடம்பின் மேல் திடீர்க் கரிசனம் வந்துவிடும். கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் தின்றதையெல்லாம் கழுவிவிட வேண்டுமாம். பாரிசுக்கு வடக்கே ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் நான் வேலை செய்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் நிக்கோல் இந்தத் திங்கட்கிழமை ஒரு பச்சை பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கீரையையும் ஆப்பிளையும் சேர்த்து அரைத்த சாறு. ஒரு வாரத்துக்கு இதுதான் சாப்பாடு, வேறு எதுவும் கிடையாது என்றாள்.

இடைவேளையில் வழக்கம்போல என் பிளாஸ்கைத் திறந்தேன். இஞ்சி தட்டிப் போட்டு, பால் ஊற்றிக் கொதிக்கவிட்ட டீ. தினமும் அவளுக்கும் அரைக் கோப்பை உண்டு. ஊற்றப் போனால், கோப்பையின் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.

"நொன், மெர்சி."

வேண்டாம், நன்றி. சொல்லிவிட்டுப் பச்சைச் சாற்றை ஒரு மடக்கு குடித்து முகத்தைச் சுளித்தாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்குக் கோபம். நான் அவளைப் பார்த்துச் சிரிக்கவில்லை, போன ஆவணியில் புதுச்சேரியில் நானும் இதே மாதிரி முகம் சுளித்ததை நினைத்துச் சிரித்தேன். அதை அவளுக்குப் பிரெஞ்சில் சொல்ல என்னால் ஆகாது. டீ வேண்டாம் என்றதால் ஒரு கல்யாணம் நிற்கப் பார்த்தது என்றால் அவள் என்னை டாக்டரிடம் போகச் சொல்வாள். ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொன்னால் புரியும்.

2

அதற்கு முன்னால், இந்த "நொன், மெர்சி"யை நான் கற்றுக்கொண்ட கதை.

நான் இங்கே வந்த முதல் வருஷம். என் கணவர் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தா. அதனால் அவருக்கு இங்கே எல்லாம் சுலபம். எனக்குத்தான் தங்கும் அட்டைக்காக அரசாங்க அலுவலகத்தில் விடியற்காலையிலிருந்து குளிரில் வரிசை. ஒரு நாள் உள்ளே போய் உட்கார்ந்து காத்திருந்தேன். கவுண்டரில் இருந்த அம்மாள் "மதாம் ஆறுமுகம், மதாம் ஆறுமுகம்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். யாரோ நம்ம ஊர்ப் பெண் வந்திருக்கிறாள் போலிருக்கிறது, முகத்தைப் பார்ப்போம் என்று நானும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. வேறு பேரைக் கூப்பிட்டுவிட்டாள். என் பேர் வசந்தா, ஆறுமுகம் என் அப்பா. அவர் பேரை எனக்குக் குடும்பப் பேராக எழுதி வைத்திருக்கிறார்கள் என்பது சாயங்காலம் கணவர் சொல்லித்தான் தெரிந்தது. செத்துப்போன மனுஷனைக் கூப்பிட்டால் நான் எப்படி எழுந்திருப்பேன்?

அன்று நொந்துபோய் வீட்டுக்கு வந்தபோது, எதிர் வீட்டு ஒடேத் என் முகத்தைப் பார்த்து உள்ளே கூப்பிட்டாள். நல்ல மனசுக்காரி. காபி குடிக்கிறாயா என்று கேட்டாள். நான் வேண்டாம் என்றேன். நம்ம ஊரில் முதல் தடவை யாராவது சரி என்பார்களா? வேண்டாம் என்போம், அட குடிங்க என்பார்கள், இப்பத்தான் குடிச்சேன் என்போம், அரை டம்ளராவது என்பார்கள், அப்புறம் முழு டம்ளராகக் குடிப்போம். ஒடேத் "சரி" என்று சொல்லிவிட்டுத் தனக்கு மட்டும் காபி போட்டுக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்து, பிஸ்கோத்தை அதில் நனைத்து நனைத்துச் சாப்பிட்டாள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாத நான் அந்த பிஸ்கோத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன், இதை ஒளிப்பானேன்?

ஆனால் போகப் போக அதுவே எனக்குப் பிடித்துவிட்டது. இங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் சொல்ல வேண்டியதில்லை, முகம் கோணுகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை. ஊரில் நான் என் வாழ்க்கையில் எதையாவது வேண்டாம் என்று சொல்லி அது ஒரே தடவையில் செல்லுபடி ஆனதுண்டா? இங்கே ஆனது. அதற்காக இந்த நாட்டுக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். என்ன, அந்தப் பழக்கத்தைப் பெட்டியில் போட்டு ஊருக்கும் எடுத்துக்கொண்டு போனதுதான் வினை.

3

போன வருஷம் வக்கான்சுக்கு, அதுதான் கோடை விடுமுறைக்கு, ஊருக்குப் போனபோது கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் மகள் மீனாவும் மட்டும் போனோம். மீனா கல்லூரியில் படிக்கிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். சின்னதில் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு தமிழில் தொணதொணத்தவள், பள்ளிக்கூடம் போனதும் பிரெஞ்சில் பதில் சொல்ல ஆரம்பித்தாள், அப்புறம் பதில் சொல்வதையே குறைத்துக்கொண்டாள். சண்டை ஒன்றும் இல்லை. அவள் அறைக் கதவு மூடியிருக்கும், அவ்வளவுதான். பல வீடுகளில் இதுதான் நடக்கிறது என்று ஆறுதல் சொல்வார்கள், ஆனால் மூடியிருப்பது என் வீட்டுக் கதவல்லவா.

புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அண்ணன் ராஜேந்திரன் வீட்டில் தங்கினோம். வந்த சில நாளில் மீனா காலையில் கடற்கரைச் சாலைக்கு நடக்கப் போய், அங்கே அருகம்புல் ஜூஸ் விற்கிறவரைக் கண்டுபிடித்துவிட்டாள். மூச்சிரைக்க வந்து என்னிடம் சொன்னாள், பாரிசில் அவளுடைய சிநேகிதிகள் காசைக் கொட்டிச் செய்வதை இங்கே வீட்டிலேயே செய்யலாமாம். ஒரு வாரம் வெறும் சாறு. அருகம்புல், வெண்பூசணி, கேரட், பீட்ரூட். சோறு இல்லை, பால் இல்லை, டீ காபி கிடையவே கிடையாது. அதற்கு அங்கே "கூர்" என்று பேர்.

"அம்மா, நீயும் என்கூட செய்றியா?" என்று தமிழில் கேட்டாள்.

அந்த "நீயும் என்கூட" என்ற வார்த்தையைக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! அவள் தீ மிதிக்கலாமா என்று கேட்டிருந்தாலும் நான் சரி என்றிருப்பேன். புல்லுத் தண்ணீர்தானே, குடித்தால் போகிறது என்று நினைத்தேன்.

அண்ணி கோமதிக்கு விஷயம் பிடிபடவில்லை. "வயித்த சுத்தம் பண்ணணும்னா ஒரு வெளக்கெண்ண குடிச்சா ஒரே நாள்ல முடிஞ்சி போவுது. அதுக்கு ஏன்டி ஒரு வாரம் பட்டினி?" என்றாள். அண்ணன் கொஞ்சமும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மில்லில் வேலை பார்த்த காலத்திலிருந்து டீயில் ஓடுகிற மனுஷன்.

"மீனா கண்ணு, மாமா ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. அருகம்புல்லு இன்னா? எல. எலைய அரைச்சி குடிச்சா ஜூஸு. டீத்தூளு இன்னா? அதுவும் எலதான். எலைய வேக வச்சி குடிச்சா மட்டும் ஜூஸு இல்லியா?"

மீனா தன் உடைந்த தமிழில், "மாமா, நீங்க திருட்டு" என்றாள். அண்ணன் வீடே அதிரும்படி சிரித்தார். விடிகாலையில் மிக்சி ஓடும், நானும் மகளும் மாடியில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடிப்போம், முகத்தைச் சுளித்து ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி சிரிப்போம். கீழேயிருந்து அண்ணி போடும் டீயின் வாசனை படியேறி வந்து என் உயிரை எடுக்கும். தலைவலி மண்டையைப் பிளந்தது. ஆனாலும் அந்த மாடியை விட்டு எழுந்திருக்க எனக்கு மனசில்லை.

4

அந்த வாரத்தில்தான் குமரனுக்குப் பெண் பார்க்கப் போனோம்.

குமரன் அண்ணனின் ஒரே மகன். தொழிற்பேட்டையில் ஒரு பேக்டரியில் வேலை. பெண் செல்வி, பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் ஒரே பஸ் ஏறி ஏறி இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. ஆனால் முறைப்படிதான் நடக்க வேண்டும் என்று செல்வியின் அப்பா வேலாயுதம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தவளக்குப்பத்தில் இறங்கி ஆட்டோவில் போகிற தூரத்தில் அவர்கள் கிராமம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் சவுக்கும் போடுகிற குடும்பம். டவுன்காரர்கள் எப்படியோ என்று அவருக்கு ஏற்கெனவே அரை மனசு.

பிரான்சிலிருந்து அத்தை வந்திருக்கிறாள் என்பதற்காகவே நாள் குறித்தார்கள். பெண் வீட்டில் எல்லாருடைய கண்ணும் என் மேல்தான். பட்டுப் புடவை கட்டிக்கொண்டு போய் நடு நாற்காலியில் உட்கார்ந்தேன். மீனா குமரன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, தன் டிஜிட்டல் கேமராவில் எடுத்த படங்களை அவனுக்குக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் எப்படியோ அப்படித்தான் அங்கேயும்.

செல்வி டீ கொண்டு வந்தாள். நல்ல பெண். முகத்தில் ஒரு தெளிவு, கையில் நடுக்கம் இல்லை. எனக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. முதல் டம்ளரை எனக்குத்தான் நீட்டினாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குத் தெரிந்ததுதான். சம்பந்தம் முடிவாகும் வரை பெண் வீட்டில் சாப்பாட்டுக்குக் கை நனைக்க மாட்டார்கள். ஆனால் பெண் கொண்டு வந்த டீயை எடுத்துக் குடித்துவிட்டால் பாதி சம்மதம் என்று அர்த்தம். தொடாமல் வைத்துவிட்டால், இந்த இடம் எங்களுக்கு ஆகாது என்று வாய் திறக்காமல் சொல்லியாயிற்று. பெண் பார்க்கிற வயசெல்லாம் தாண்டி, கடல் தாண்டிப் போன எனக்கு அது சுத்தமாக நினைவில் இல்லை. மாடியில் உட்கார்ந்து சிரித்த மகள் முகம்தான் நினைவில் இருந்தது.

"வேணாம்மா, நான் டீ குடிக்கிறதில்ல" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். மீனாவும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டாள்.

"காபி கலக்கட்டுங்களா?" என்றாள் செல்வியின் அம்மா அஞ்சலை.

"வேணாங்க."

"கொஞ்சம் மோராச்சும்?"

"ஒண்ணும் வேணாங்க."

சாறு மட்டும்தான் குடிக்கிறேன் என்று சொன்னால் அந்த வெயிலில் யாரையாவது கடைக்கு விரட்டுவார்கள், எதற்கு அவர்களுக்குச் சிரமம் என்று வாயை மூடிக்கொண்டேன். பிரான்சில் இது நாகரிகம். அண்ணி என் இடுப்பில் கிள்ளினாள், புடவை மடிப்பு விலகியிருக்கிறது போல என்று சரி செய்துகொண்டேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்களே, அந்த ஆண்டி நான்தான்.

5

இரண்டு நாள் கழித்துக் குமரன் வேலையிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டான். அண்ணி சோறு போட்டுக் கூப்பிட்டாள், வரவில்லை.

"இன்னாடா ஆச்சி?" என்றார் அண்ணன்.

"ஞாயித்துக்கெழம அவங்க வீட்டுக்கு வேற எடத்துலேர்ந்து பொண்ணு பாக்க வராங்களாம். செல்வி பஸ்ல அழுவுது."

"ஏன்டா? நாமதான் புடிச்சிருக்குதுன்னு சொல்லி அனுப்பறதா இருந்தோமே?"

குமரன் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அத்த டீயத் தொடல. மீனாவும் தொடல. மீனா எம் பக்கத்துலயே உக்காந்துக்கினு சிரிச்சிக்கினு இருந்துது. 'பிரான்ஸ் அத்த தம் பொண்ணுக்குத்தான் பையன வச்சிக்கினு இருக்குது. சும்மா ஊரு பேச்சுக்கு எம் பொண்ணப் பாக்க வந்திருக்குது. இது தெரியாத அளவுக்கு நான் முட்டாளா'ன்னு அவங்க அப்பா கேட்டாராம்."

வேலாயுதம் சொன்னதில் தப்பே இல்லை. அத்தை மகளுக்கு மாமன் மகன் முறை. முறைப்பெண் இருக்கும்போது வெளியே பெண் எடுப்பது என்றால், முறைக்காரி மனசார விட்டுக்கொடுத்தாளா என்று எவரும் பார்க்கத்தான் செய்வார்கள். அந்த மனுஷன் பார்த்தபோது முறைக்காரியும் அவள் அம்மாவும் டீயைத் தொடாமல் வைத்திருக்கிறார்கள். எனக்கே நான் நல்லவளாகத் தெரியவில்லை.

என்ன நடக்கிறது என்று மீனா கேட்டாள். சொன்னேன். அவளுக்கு முதலில் விளங்கவேயில்லை. விளங்கியதும் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தாள்.

"குமரனா? நானா? அம்மா, அவன் என் கசின்!" என்று பிரெஞ்சிலும் தமிழிலுமாகக் கத்தினாள். அங்கே அத்தை மாமன் பிள்ளைகள் கூடப் பிறந்தவர்கள் மாதிரி. கல்யாணம் என்றால் காதைப் பொத்திக்கொள்வார்கள். குமரனுக்கு அந்தத் துக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. கொஞ்ச நேரம் மீனாவும் சிரித்தாள். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு நின்றது.

அண்ணன் போன் பண்ணிச் சொல்லிவிடலாம் என்று செல்போனை எடுத்தார். அண்ணி பிடுங்கி வைத்தாள்.

"போன்ல இன்னா சொல்லுவீங்க? தப்பு நடந்து போச்சின்னா, சமாதானம் சொல்றாங்கன்னு நெனப்பாரு. டீயப் போன்ல குடிக்க முடியுமா? நீங்களும் போவக் கூடாது, மாப்ள ஊட்டுக்காரங்க கெஞ்சற மாதிரி ஆயிடும். வேணான்னது வசந்தா. வசந்தாதான் போவணும்."

நான் மீனாவைப் பார்த்தேன். ஒரு வாரம் உன்கூட இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதில் பாதிதான் முடிந்திருக்கிறது. ஒரு டம்ளர் டீதானே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அது அந்த மாடி. மறுபடியும் கதவைச் சாத்திக்கொண்டுவிடுவாளோ என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது.

மீனா வாசலுக்குப் போய்ச் செருப்பை எடுத்து வைத்தாள், இரண்டு ஜோடி.

6

மறுநாள் கடலூர் பஸ்ஸில் ஏறினோம். அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் மீனா கேட்டாள், "அம்மா, செல்வியை நான் எப்படிக் கூப்பிடணும்?"

"குமரனக் கட்டிக்கினு வந்தா உனக்கு அக்கா மொற" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வேலாயுதம் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் "வாங்க" என்றார். பகையாளி வந்தாலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அஞ்சலை கையைத் துடைத்துக்கொண்டு வந்து, நாற்காலி போட்டு, சொம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். முழுச் சொம்பையும் தூக்கிக் குடித்தேன். மழை எப்படி என்றேன், பரவாயில்லை என்றார். மல்லாட்டை எப்படி என்றேன், அதுவும் பரவாயில்லை. டீ குடிக்கிறீர்களா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னவளை மறுபடி எப்படிக் கேட்பாள் அந்த அம்மாள்?

என் வாழ்நாளில் நான் யார் வீட்டிலும் டீ கேட்டு வாங்கிக் குடித்ததில்லை. கேட்டுக் குடிப்பது என்றால் அது நம் வீடாக இருக்க வேண்டும், இல்லை உறவாக இருக்க வேண்டும். வெட்கத்தை விட்டுவிட்டுக் கேட்டேன்.

"அக்கா, எனக்கு ஒரு டீ போட்டுத் தரீங்களா?"

அஞ்சலை கணவரைப் பார்த்தாள். "நீங்கதான் டீ குடிக்கிறதில்லன்னீங்களே" என்றாள்.

"குடிப்பங்க. எங்கண்ணன் ஊட்டு டீ வாசனைக்கு நாலு நாளா செத்துக்கினு இருக்கறேன். ஒரு வாரம் ஜூஸ் மட்டுந்தான் குடிக்கணும்னு எம் பொண்ணு சொல்லிச்சி, சரின்னுட்டேன். அன்னிக்கே இத வாய் தொறந்து சொல்லியிருக்கணும். சொன்னா நீங்க ஜூஸுக்கு அலைவீங்களேன்னு இருந்துட்டேன்."

"ஜூஸா?" என்றார் வேலாயுதம். "ஒடம்புக்கு இன்னா?"

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்லிங்க."

"ஒண்ணும் இல்லாமயா பட்டினி கெடப்பாங்க?"

நியாயமான கேள்வி. அவர் மீனாவை ஒரு பார்வை பார்த்தார். அவர் நம்பவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

அஞ்சலைதான் பேசினாள். "டீ போடலாங்க, பாலு இல்லியே. காலைல கறந்தத சொசைட்டிக்கு ஊத்தியாச்சி."

"வெறும் டீ போதுங்க்கா."

"வாய் தொறந்து கேட்டிருக்கீங்க, வெறும் டீயா குடுப்பேன்?"

வேலாயுதம் கட்டிலை விட்டு எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொம்பைக் கையில் எடுத்தார். "கறவ நேரம் ஆவல. இருந்தாலும் ரெண்டு டம்ளருக்கு வரும். கன்னுக்குட்டிய அவுத்து வுடு" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே கொட்டகைப் பக்கம் போனார். எங்களை இன்னும் நம்பாத மனுஷன், எங்களுக்காக நேரமில்லாத நேரத்தில் மாட்டின் கீழே குந்திப் பால் கறந்தார். இந்த மண்ணின் பெரிய மனசு அது.

செல்வி ராத்திரி டியூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தவள். வீங்கின கண்ணோடு, முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு தட்டில் இரண்டு டம்ளரோடு வந்தாள். நான் முதல் டம்ளரை எடுத்துக் குடித்தேன். புதுப் பால், தூக்கலாகச் சர்க்கரை, லேசாகப் புகை வாசனை. நாலு நாள் தலைவலி அந்த முதல் மடக்கிலேயே இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சூடு என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த டம்ளரை மீனாவிடம் நீட்டுவதா வேண்டாமா என்று செல்வி தயங்கி நின்றாள். மேலே ஆடை கட்டியிருந்தது. மீனா பால் டீ குடிக்க மாட்டாள். சின்ன வயசில் ஆடையைப் பார்த்தாலே குமட்டிக்கொண்டு ஓடுவாள், இப்போதும் அப்படித்தான். அவளைக் குடிக்கச் சொல்லி நான் கண்ணால்கூட ஜாடை காட்டவில்லை.

மீனா எழுந்து நின்றாள். இரண்டு கையையும் நீட்டினாள்.

"குடுங்க அக்கா."

வாங்கி, ஆடையோடு ஊதாமல் குடித்தாள். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினாள். மறுபடி குடித்தாள். காலி டம்ளரைத் தட்டில் வைத்துவிட்டு, உதட்டுக்கு மேல் ஆடை ஒட்டியிருக்க, "இன்னும் கொஞ்சம் இருக்கா அக்கா?" என்றாள்.

அந்த 'அக்கா'வை அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்தது ஒரு தடவைதான், பஸ்ஸில். இரண்டாவது தடவை அவளே சொன்னது.

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை. வேலாயுதம் மிச்சப் பால் இருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு மீனாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மொறப்பொண்ணே அக்காங்குது" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. அப்புறம் மனைவி பக்கம் திரும்பினார். "ஞாயித்துக்கெழம வரவங்களுக்கு வர வேணான்னு போன் போட்டுடு. அந்தப் பொண்ணுக்கு இன்னும் ஒரு டீ குடு."

7

திரும்பி வரும் பஸ்ஸில் மீனா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் பால் டீ. "ஜூஸ் விட்டுடலாமா?" என்று கேட்டேன். "ஏன்? மாமா சொன்னார் இல்லே, டீயும் ஜூஸ்தான்" என்றாள். மிச்ச நாளையும் முடித்தோம். காலையில் அருகம்புல், கையோடு அண்ணியின் டீ. அந்தக் கூர் உடம்பைக் கழுவியதோ இல்லையோ, தெரியாது.

தை முகூர்த்தத்தில் குமரன் கல்யாணம், என்னால் போக முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு இல்லை, தங்கும் அட்டையைப் புதுப்பிக்கிற நேரம் வேறு. மதாம் ஆறுமுகம் மறுபடியும் வரிசையில் நிற்கிறாள். மீனா போனாள். விடுமுறையில் கடை வேலை செய்து சேர்த்த காசில் தானே டிக்கெட் எடுத்துக்கொண்டு, தனியாக. என்னிடம் கேட்கக்கூட இல்லை. அக்கா கல்யாணத்துக்குப் போகிறேன் என்றாள். அண்ணன் மகன் கல்யாணப் படங்கள் நேற்று வந்தன. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரு பக்கம் நிற்கிறார்கள். மீனா மட்டும் எதிர்ப் பக்கம், செல்விக்குப் பின்னால், பெண் வீட்டாரோடு நிற்கிறாள். அவளை அங்கே நிற்கச் சொன்னது யார் என்று அண்ணியிடம் போனில் கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம்.

இன்றைக்கும் இடைவேளையில் பிளாஸ்கைத் திறந்தேன். நிக்கோல் அதே மாதிரி கோப்பையின் மேல் கையை வைத்தாள். இத்தனை வருஷத்தில் இந்த நாட்டில் ஒருவரையும் நான் இரண்டாவது தடவை கேட்டதில்லை, மரியாதைக் குறைவு என்று. மூடியை மூடப் போனவள், மூடவில்லை.

"அட, அரைக் கோப்பையாவது குடி, நிக்கோல்" என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோப்பையிலிருந்து கையை எடுத்தாள்.